ஆளை அனுப்புவதா, திறமையை அனுப்புவதா, காசை அனுப்புவதா?

கம்பெனிகளில் வருஷத்துக்கு ஒரு தடவையாவது இந்தப் பேச்சு வரும்: "நம்ம ஆட்களை வைத்து ஏதாவது சமூக சேவை செய்யலாமே." சொல்பவர் நிஜமான அக்கறையோடுதான் சொல்வார். கூட்டம் முடிவதற்குள் மரம் நடுவது, சுவருக்கு பெயின்ட் அடிப்பது, ரத்ததான முகாம், குழந்தைகள் இல்லத்துக்கு ஒரு மதியம் போய்வருவது என்று நாலு யோசனை வந்துவிடும். அதில் ஒன்றைப் பிடித்து, தேதி குறித்து, டிஷர்ட்டுக்கு ஆர்டர் கொடுத்துவிடுவார்கள். எந்த வழியில் போனால் யாருக்கு என்ன கிடைக்கும் என்று ஒப்பிட்டுப் பார்ப்பது மட்டும் நடக்காது.

இந்த வேலையை நான் இரண்டு பக்கத்திலிருந்தும் பார்த்தவன். கம்பெனிக்குள் இருந்து ஆள் திரட்டியிருக்கிறேன். அப்புறம் தொண்டு நிறுவனத்தில் இருந்துகொண்டு, வந்து இறங்கும் ஆட்களுக்கு வேலை ஒதுக்கியிருக்கிறேன். இரண்டாவது பக்கம் போனபிறகுதான் சில விஷயங்கள் கண்ணில் படும். அதனால் இங்கே எல்லா வழிகளையும் ஒரே கேள்வியை வைத்துத்தான் எடை போடப்போகிறேன்: இந்த வேலையை உங்கள் ஆட்கள் செய்யாமல் போயிருந்தால், வேறு யார், என்ன செலவில், எவ்வளவு நன்றாகச் செய்திருப்பார்கள்? ஊழியர்களுக்குச் சந்தோஷம், கம்பெனிக்கு நல்ல பெயர் எல்லாம் வரட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் சமூகத்துக்கு நல்லது செய்கிறோம் என்று பெயர் வைத்துவிட்டால், கணக்கை அந்தப் பக்கத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஒரு நாள் சேவை

எல்லோரும் முதலில் எடுப்பது இதைத்தான். ஏற்பாடு செய்வது சுலபம், நிறையப் பேர் கலந்துகொள்ளலாம், மறுநாளே போட்டோ வந்துவிடும்.

வாங்கிக்கொள்ளும் பக்கத்திலிருந்து அந்த நாள் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். காலையில் பஸ் வந்து நிற்கும். ஒரே நிற டிஷர்ட்டில் அறுபது பேர் இறங்குவார்கள். பள்ளிக்கூடத்தின் சுற்றுச்சுவருக்கு பெயின்ட் அடிக்க வேண்டும். பழைய பெயின்டைச் சுரண்டி, விரிசலை அடைத்து, பிரைமர் அடித்துக் காயவிடாமல் மேல்கோட் அடிக்க முடியாது என்பதால், அதையெல்லாம் முந்தின வாரமே பெயின்டரை வைத்து முடித்தாகிவிட்டது. கையில் இருப்பது இருபது ரோலர். மீதி நாற்பது பேருக்கு என்ன வேலை? வாளி பிடிப்பது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, ஏற்கெனவே பெருக்கிய மைதானத்தை இன்னொரு தடவை பெருக்குவது. பதினொரு மணிக்கு வெயில் ஏறியதும் பாதிப் பேர் நிழலுக்கு ஒதுங்குவார்கள். குரூப் போட்டோ, நன்றியுரை, பஸ். அவர்கள் போன பிறகு, தரையில் சிந்தியதைத் துடைக்கவும் ஜன்னல் ஓரங்களில் விட்டுப்போனதை முடிக்கவும் அதே பெயின்டர் மறுபடி வருவார். இந்த ஏற்பாட்டுக்காக ஒருங்கிணைப்பாளர் தன் சொந்த வேலையை எத்தனை நாள் ஒதுக்கி வைத்தார் என்பது கம்பெனியின் அறிக்கையில் எந்த வரியிலும் வராது. ஒரு நாள் கூத்துக்கு மீசையைச் சிரைத்தது போல என்று பெரியவர்கள் சொல்வது இதற்குச் சரியாகப் பொருந்தும்.

என் கேள்வியைப் போட்டுப் பாருங்கள். உங்கள் ஆட்கள் வராவிட்டால் இரண்டு பெயின்டர்கள் நாலைந்து நாளில் அந்தச் சுவரைச் சுத்தமாக முடித்திருப்பார்கள். பஸ், டிஷர்ட், சாப்பாடு இவற்றுக்குப் போன காசில் இன்னொரு சுவரும் முடிந்திருக்கும். இரண்டு பேருக்குக் கூலியும் கிடைத்திருக்கும்.

அதற்காக ஒரு நாள் சேவையே வீண் என்று நான் சொல்லவில்லை. இயல்பிலேயே ஒரே நாளில் பல கைகள் தேவைப்படும் வேலைகள் உண்டு. கடற்கரைக் குப்பை அகற்றுவது அதில் ஒன்று. அமெரிக்காவின் டெக்சஸ் கரையில் 1986-ல் தொடங்கிய சர்வதேசக் கடற்கரைத் தூய்மை இயக்கத்தில் குப்பையைப் பொறுக்குவதோடு விடுவதில்லை. என்ன பொருள், எத்தனை எண்ணிக்கை என்று ஒவ்வொரு குழுவும் அட்டையில் குறிக்கும். பல வருஷங்கள் பட்டியலில் முதலிடம் சிகரெட் துண்டுகளுக்குத்தான் என்பது அப்படி எண்ணித்தான் தெரிய வந்தது. கரை மறுபடி அழுக்காகிவிடும். குறித்து வைத்த கணக்கு அடுத்த வருஷமும் பயன்படும். அங்கே அறுபது பேர் வந்தால் அறுபது பேருக்கும் வேலை இருக்கிறது. வெள்ளம் வடிந்த வீட்டிலிருந்து சேற்றை அள்ளுவது, நிவாரணப் பொருட்களைப் பிரித்துப் பொட்டலம் கட்டுவது போன்றவையும் இந்த வகைதான்.

ரத்ததானத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். இதைக் காசு கொடுத்துச் செய்ய முடியாது, ஆட்கள்தான் வர வேண்டும். ஆகவே என் கேள்வியில் எளிதாகத் தேறிவிடுகிறது. ஆனால் எல்லோரும் சேர்ந்து ஜூன் 14, உலக ரத்ததான தினத்தன்று முகாம் போட ஆசைப்படுவதில்தான் சிக்கல். எடுத்த ரத்தத்தில் சிவப்பணுக்களைப் பொதுவாக 42 நாள் வரை வைத்திருக்கலாம். தட்டணுக்கள் ஐந்து முதல் ஏழு நாள்தான் தாங்கும். ஒரே வாரத்தில் வந்து குவிந்தால் ரத்த வங்கி என்ன செய்யும்? கொடுத்தவர்கள் மறுபடி கொடுக்க, நாட்டையும் ஆணா பெண்ணா என்பதையும் பொறுத்து, சுமார் இரண்டு முதல் நாலு மாதம் காத்திருக்கவும் வேண்டும். இருநூறு பேர் இருக்கும் கம்பெனி, ரத்த வங்கியிடம் "உங்களுக்கு எந்த மாதம் வறட்சி?" என்று கேட்டு, நாலு தவணையாக ஐம்பது ஐம்பது பேரை அனுப்பினால் அதன் மதிப்பே வேறு. செலவு ஒன்றும் அதிகமாகாது. பேனர் மட்டும் சின்னதாகும்.

மரம் நடுவதைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். குழி தோண்டிக் கன்று வைப்பது ஒரு மணி நேர வேலை. நட்ட பிறகு வரும் இரண்டு மூன்று கோடைகளில் தண்ணீர் ஊற்றி, ஆடுமாடு கடிக்காமல் வேலி பார்த்துக்கொள்வதுதான் நிஜமான வேலை. அதற்கு ஆளும் பணமும் ஒதுக்கிய பிறகு நடுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். எத்தனை கன்று நட்டோம் என்ற எண்ணிக்கையைக் கேட்பவரிடம், மூன்றாம் வருஷம் எத்தனை நிற்கிறது என்று திருப்பிக் கேட்டால் போதும்.

குழந்தைகள் இல்லத்துக்குப் போய் ஒரு மதியம் விளையாடிவிட்டு வருவதைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட வேண்டும் என்பது என் கருத்து. போகிறவர்கள் மனசு நல்லதுதான். அந்தக் குழந்தைக்கோ வாரம் ஒரு புது மாமா, புது அக்கா வந்து, மடியில் வைத்துக் கொஞ்சி, போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள், திரும்ப வருவதில்லை. ஏற்கெனவே பிரிவைப் பார்த்த பிள்ளைக்கு இது இன்னொரு பிரிவு. ஐநா பொதுச்சபை 2019-ல் குழந்தை உரிமைகள் பற்றி நிறைவேற்றிய தீர்மானத்தில், சுற்றுலாவோடு சேர்ந்து வருவது உட்பட, காப்பகங்களில் நடக்கும் தன்னார்வத் திட்டங்களால் விளையும் தீங்கைத் தடுக்க நாடுகள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. அந்த இல்லத்துக்கு உதவ வேண்டும் என்றால் அதன் கணக்கைப் பாருங்கள், கூரையைச் சரிசெய்யுங்கள், பராமரிப்பாளரின் சம்பளத்துக்குக் கொடுங்கள். குழந்தைகளை நேரில் பார்க்காமலேயே இதெல்லாம் முடியும்.

இன்னொரு நியாயமும் இருக்கிறது: ஊழியர்களுக்கு நல்லது என்பது. அதுவும் பொய்யில்லை. பிரிட்டனில் 233 நிறுவனங்களைச் சேர்ந்த 46,336 ஊழியர்களின் விவரங்களை வைத்து ஆக்ஸ்போர்டு ஆய்வாளர் வில்லியம் ஃப்ளெமிங் 2024-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார். மன அழுத்தப் பயிற்சி, தியான வகுப்பு, மொபைல் ஆப் என்று கம்பெனிகள் தனிநபருக்குக் கொடுக்கும் பல திட்டங்களில், கலந்துகொண்டவர்களுக்கும் கலந்துகொள்ளாதவர்களுக்கும் நலத்தில் சொல்லும்படியான வித்தியாசம் தென்படவில்லை. விதிவிலக்காக நின்றது தன்னார்வச் சேவை. ஏற்கெனவே சந்தோஷமாக இருப்பவர்கள்தான் சேவைக்கு முன்வருகிறார்களோ என்ற சந்தேகத்தை இப்படி ஒரே சமயத்தில் எடுத்த கணக்கால் தீர்க்க முடியாது. ஆனாலும் புறந்தள்ளிவிடக்கூடிய தகவல் இல்லை. என் யோசனை, அந்த நாளின் செலவை ஊழியர் நலக் கணக்கில் எழுதுங்கள். அப்போது தொண்டு நிறுவனம் உங்களுக்கு ஒரு சேவை செய்து தருகிறது என்பது புரியும், அதற்கு அவர்கள் கட்டணம் கேட்டால் கோபமும் வராது.

திறமையைக் கொடுப்பது

வழக்கறிஞர்கள் இதை நெடுங்காலமாகச் செய்கிறார்கள். அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் மாதிரி விதி, ஒவ்வொரு வழக்கறிஞரும் வருஷத்துக்கு 50 மணி நேரமாவது கட்டணமில்லாமல் சட்ட உதவி செய்ய முயல வேண்டும் என்கிறது. கட்டாயமில்லை, ஆனால் ஒரு அளவுகோல். இதே முறையை மார்க்கெட்டிங், டிசைன், கணக்கு, ஐடி என்று மற்ற தொழில்களுக்கும் கொண்டுவர 2001-ல் சான் பிரான்சிஸ்கோவில் டேப்ரூட் ஃபவுண்டேஷன் தொடங்கப்பட்டது. இன்று பல பெரிய கம்பெனிகள் திறன்சார் சேவை என்று பேசுவதற்குப் பின்னால் இந்த வழக்கம் இருக்கிறது.

என் கேள்வியில் இதுதான் அதிக மதிப்பெண் வாங்கும். பெயின்ட் அடிக்க ஆள் எங்கேயும் கிடைக்கும். ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்துக்கு நல்ல கணக்காளரோ தரவு தெரிந்தவரோ எளிதில் கிடைக்க மாட்டார். கிடைத்தாலும் சம்பளம் கொடுத்து மாளாது.

இப்படி ஒரு வேலை எப்படி நடக்கும் என்று பார்க்கலாம். ஒரு நிறுவனத்தின் நன்கொடையாளர் பட்டியல் எக்செல்லில் இருக்கிறது. நாலு பேர் நாலு விதமாக வருஷக்கணக்கில் தட்டியது. ஒரே மனிதர் இனிஷியல் முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை, போன் நம்பர் மாறியதால் இன்னொரு தடவை என மூன்று பேராக இருக்கிறார். ரசீது தாமதமாகப் போகிறது, சிலருக்கு இரண்டு ரசீது, சிலருக்குப் போவதே இல்லை. கம்பெனியிலிருந்து வந்த கணக்குப் பிரிவுக்காரர் ஒருவர் சில வெள்ளிக்கிழமை மதியங்கள் உட்கார்ந்து, இரட்டைப் பதிவுகளை ஒன்றாக்கி, தேதியும் தொகையும் தவறாக விழாதபடி பெட்டிகளைப் பூட்டி, மாதக் கடைசியில் ரசீது தானாக உருவாகும்படி செய்துவிட்டுப் போகிறார். அலுவலகத்தில் அதைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணைப் பக்கத்தில் உட்காரவைத்தே இதைச் செய்கிறார். அவர் போன பிறகும் அது ஓட வேண்டுமே. போட்டோ எடுக்க இதில் ஒன்றுமில்லை. ஆனால் விட்டுப்போன பழைய நன்கொடையாளர்கள் திரும்ப வரத் தொடங்கினால், அந்தப் பணம் வருஷா வருஷம் வரும்.

இது கெட்டுப்போகும் இடங்களும் எனக்குத் தெரியும். முதலாவது, கேட்காததைக் கட்டிக் கொடுப்பது. எளிய எக்செல் போதும் என்ற இடத்தில், நாலு இன்ஜினியர்கள் உற்சாகமாகக் கூடி ஒரு ஆப் எழுதிவிடுவார்கள். தங்களுக்குப் பிடித்த புது மென்பொருளில், தங்கள் சொந்தக் கணக்கில் சர்வர் எடுத்து. ஆறு மாதம் கழித்து ஒருவர் வேலை மாறிவிடுவார், இன்னொருவர் வெளிநாடு போய்விடுவார், பாஸ்வேர்டு யாரிடம் என்று தெரியாது. இரண்டாவது, வேலையின் எல்லையை எழுதாமல் தொடங்குவது. "வெப்சைட்டைக் கொஞ்சம் சரிசெய்து தாருங்கள்" என்பது எங்கே முடியும்? மூன்றாவது, வாடிக்கையாளர் வேலை வந்ததும் இது பின்னுக்குப் போவது. இலவசம்தானே என்ற எண்ணம் இரண்டு பக்கமும் உண்டு. அவர்கள் கேட்கத் தயங்குவார்கள், இவர்கள் தள்ளிப்போடுவார்கள். ஒரு பக்கத்தில் எழுதிய ஒப்பந்தம், இரண்டு பக்கமும் ஒவ்வொரு பொறுப்பாளர், முடிக்கும் தேதி, முடிந்த பிறகு யார் பராமரிப்பது என்ற ஒரு வரி. இவ்வளவு இருந்தால் பெரும்பாலான தொல்லை குறையும்.

திறமை என்றதும் லேப்டாப் வைத்திருப்பவர்களை மட்டும் நினைப்பது ஒரு கெட்ட பழக்கம். தொழிற்சாலையின் பராமரிப்பு ஃபிட்டர், ஒரு கிராமத்து மருத்துவமனையின் ஜெனரேட்டரைக் காதால் கேட்டே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். மாதம் ஒரு தடவை போய் ஆயில், ஃபில்டர், பேட்டரி பார்த்து, சரிபார்ப்புப் பட்டியல் ஒன்றைச் சுவரில் ஒட்டிவிட்டு வந்தால், கரண்ட் போகும் ராத்திரியில் அதன் அருமை தெரியும். ஸ்டோர்கீப்பர் ஒருவரை நிவாரணக் கிடங்குக்கு அனுப்பிப் பாருங்கள். முதலில் காலாவதியாவதை முன்னால் அடுக்குவார், அட்டை எழுதி மாட்டுவார், அரை நாளில் அந்த இடமே வேறு மாதிரி ஆகிவிடும். எந்த ஆலோசகரும் செய்யாத வேலை அது. இவர்களை விட்டுவிட்டு மேனேஜர்களை மட்டும் ஆலோசனை சொல்ல அனுப்பும் கம்பெனிகள் தங்களிடம் இருக்கும் நல்ல சரக்கை அலமாரியிலேயே வைத்திருக்கின்றன.

லீவு கொடுத்து அவரவர் விருப்பத்துக்கு விடுவது

கம்பெனி எதையும் ஏற்பாடு செய்யாமல், வருஷத்துக்கு இத்தனை மணி நேரம் சம்பளத்தோடு எடுத்துக்கொண்டு உங்களுக்குப் பிடித்த சேவையைச் செய்யுங்கள் என்று விடுவது மூன்றாவது வழி. காலணிக் கம்பெனியான டிம்பர்லேண்ட் 1992-ல் இப்படி ஒரு திட்டம் தொடங்கி, பின்னால் அதை வருஷத்துக்கு 40 மணி நேரம் வரை உயர்த்தியது. 1999-ல் தொடங்கிய மென்பொருள் கம்பெனியான சேல்ஸ்ஃபோர்ஸ், பங்கில் ஒரு சதவீதம், தயாரிப்பில் ஒரு சதவீதம், ஊழியர் நேரத்தில் ஒரு சதவீதம் என்று ஆரம்பத்திலேயே ஒதுக்கியது. ஊழியர்களுக்கு வருஷத்தில் ஏழு நாள் சேவை விடுப்பு. படகோனியா என்ற ஆடைக் கம்பெனியில் இருப்பவர்கள் சுற்றுச்சூழல் அமைப்புகளோடு இரண்டு மாதம் வரை சம்பளத்தோடு வேலை செய்யலாம்.

இதன் பலம், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் உறவுகளுக்கு இது உரம் போடுகிறது என்பது. ஞாயிற்றுக்கிழமைகளில் பார்வையற்றோருக்குப் புத்தகம் வாசிக்கும் ஒருவர், இனிமேல் தேர்வுக் காலத்தில் இரண்டு வார நாட்களையும் கொடுக்க முடியும். அவரை யாரும் பயிற்றுவிக்க வேண்டாம், அந்த நிறுவனத்துக்கு அவரைத் தெரியும். பலவீனம் என்னவென்றால், காகிதத்தில் லீவு இருக்கும், எடுக்க முடியாது. குழுத் தலைவர் முகத்தைச் சுளித்தால் யார் கேட்பார்கள்? ஷிப்டில் நிற்பவருக்கும், கஸ்டமர் கேர் போன் எடுப்பவருக்கும் மாற்று ஆள் போடாவிட்டால் இந்தச் சலுகை அலுவலகத்து மேல் மாடிக்கு மட்டும்தான். மேனேஜர் தானே முதலில் எடுத்துக் காட்டுவதும், மாற்று ஆள் செலவை மையக் கணக்கில் வைப்பதும் இல்லாமல் இதைத் தொடங்காதீர்கள்.

கட்டாயம் பற்றியும் ஒரு வார்த்தை. சனிக்கிழமை எல்லோரும் வர வேண்டும், வருகைப் பதிவு உண்டு என்றால் அது சேவையில்லை, வேலை. அமெரிக்கத் தொழிலாளர் விதிகளே, முதலாளி கேட்டு அல்லது அவர் கட்டுப்பாட்டில் செய்யும் தரும காரியத்துக்கான நேரத்தை வேலை நேரமாகத்தான் எண்ணுகின்றன. மதிப்பீட்டுப் படிவத்தில் சேவை மணி நேரத்தைச் சேர்ப்பதும் இதன் பின்வாசல்தான். வீட்டில் நோயாளியையோ கைக்குழந்தையையோ வைத்திருப்பவர் இதனால் மதிப்பெண் இழக்கக் கூடாது.

வழிகாட்டியாக இருப்பது

பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு ஊழியர்களை வழிகாட்டியாகச் சேர்த்துவிடுவது இப்போது பல கம்பெனிகளுக்குப் பிடித்துப்போயிருக்கிறது. நல்லது செய்யவும் கெடுதல் செய்யவும் இரண்டுக்கும் வாய்ப்புள்ள வழி இது. ஜீன் கிராஸ்மனும் ஜீன் ரோட்ஸும் 2002-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வருஷமோ அதற்கு மேலோ நீடித்த வழிகாட்டல் உறவுகளில்தான் பிள்ளைகளுக்கு அதிக முன்னேற்றம் தெரிந்தது. மிகச் சீக்கிரம் முறிந்த உறவுகளில் சில பிள்ளைகளின் தன்மதிப்பு முன்பிருந்ததைவிடக் குறைந்தே போனது. அதாவது பாதியில் விடுவது, தொடங்காமலே இருப்பதைவிட மோசம்.

ஆகவே காலாண்டுத் திட்டமாக இதை வைக்கவே கூடாது. ஒரு வருஷம் தொடர முடியும் என்று சொல்பவர்களை மட்டும் எடுங்கள். இருபது பேருக்குப் பதில் ஆறு பேர் வந்தாலும் சரி. பின்னணிச் சரிபார்ப்பு, தனியறையில் சந்திக்காமை, தனிப்பட்ட போன் நம்பர் கொடுக்காமை போன்ற குழந்தைப் பாதுகாப்பு விதிகளைப் பள்ளியோடு சேர்ந்து முதலிலேயே முடிவு செய்யுங்கள். கம்பெனியை விட்டுப் போனாலும் வழிகாட்டல் தொடரலாமா என்பதையும் அன்றே பேசிவிடுவது நல்லது. அந்தக் கேள்வி கண்டிப்பாக வரும்.

மாதக்கணக்கில் அனுப்புவது, திரை வழியே செய்வது

ஐபிஎம் 2008-ல் தொடங்கிய கார்ப்பரேட் சர்வீஸ் கோர், பல நாட்டு ஊழியர்களைச் சிறு குழுவாக்கி, வளரும் நாட்டு நகரங்களுக்கு நாலு வாரம் அனுப்பியது. மருந்துக் கம்பெனியான ஃபைசர் 2003-லிருந்து தன் ஆட்களைப் பல மாதங்களுக்கு, பல நாடுகளில் சுகாதாரப் பணி செய்யும் அமைப்புகளோடு வேலை செய்ய விட்டது. அனுபவமுள்ள ஒருவர் முழு நேரமும் கூட இருந்தால் மருந்து வழங்கல் சங்கிலி மாதிரியான பெரிய சிக்கலைக்கூடத் தொட முடியும். செலவு அதிகம், முன்தயாரிப்பு அதிகம். தலைமைப் பயிற்சிக்காக எப்படியும் பணம் ஒதுக்கும் பெரிய கம்பெனிகள், அந்தக் கணக்கிலிருந்து இதைச் செய்யலாம். சின்னக் கம்பெனிக்கு இது வேண்டாம். ஒருவரை வாரத்தில் ஒரு நாள் என்று ஆறு மாதம் உள்ளூர் நிறுவனத்துக்குக் கொடுத்தாலே கிட்டத்தட்ட அதே பலன் வந்துவிடும்.

வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் நிறைய இருந்தால் இணையவழிச் சேவை கைகொடுக்கும். அமெரிக்க, பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கங்களும் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் மனிதநேயக் குழுவும் சேர்ந்து 2014-ல் தொடங்கிய மிஸ்ஸிங் மேப்ஸ் இதற்கு நல்ல உதாரணம். செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து, வரைபடத்தில் இல்லாத ஊர்களின் வீடுகளையும் பாதைகளையும் கோடு போட்டுக் காட்ட வேண்டும். அப்புறம் அந்த ஊர்க்காரர்கள் பெயர்களைச் சேர்ப்பார்கள். இங்கும் ஒரு எச்சரிக்கை: முதல் தடவை வருபவர்கள் கோணலாக வரைந்ததை அனுபவசாலிகள் உட்கார்ந்து சரிபார்க்க வேண்டியிருக்கும். நூறு பேர் ஒரு தடவை வருவதைவிட, பத்துப் பேர் மாதா மாதம் வந்து கை பழகுவது அவர்களுக்கு உபகாரம்.

பணம்

தன்னார்வச் சேவை பற்றிப் பேசும்போது இதைச் சொல்வது சிலருக்குக் கசக்கும். பல சமயம் மிகச் சரியான விடை காசோலைதான். வாடகை, கரண்ட் பில், கணக்காளர் சம்பளம் இவற்றுக்குப் பணம் தர யாரும் முன்வருவதில்லை. எதற்கு வேண்டுமானாலும் செலவழித்துக்கொள்ளுங்கள் என்று வரும் பணம் தொண்டு நிறுவனத்துக்கு அபூர்வம்.

இரண்டையும் சேர்க்கும் ஒரு வழி இருக்கிறது. ஊழியர் ஒரு இடத்தில் சேவை செய்த ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கம்பெனி அந்த இடத்துக்குப் பணம் கொடுப்பது. மைக்ரோசாஃப்ட் அமெரிக்காவில் மணிக்கு 25 டாலர் என்று இப்படிக் கொடுத்துவந்திருக்கிறது. இதில் எங்கே பணம் போக வேண்டும் என்பதை, அந்த இடத்தை உள்ளே போய்ப் பார்த்த ஊழியரே முடிவு செய்கிறார்.

கணக்கு எழுதுபவர்களுக்கு ஒரு குறிப்பு. ஊழியர் கொடுத்த நேரத்துக்கு ரூபாய் மதிப்புப் போட்டுச் செலவாகக் காட்டலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். இந்தியாவில் நிறுவனச் சட்டத்தின் 135-ம் பிரிவின்படி சிஎஸ்ஆர் (கம்பெனியின் சமூகப் பொறுப்பு) செலவு கணக்கிடும்போது, ஊழியர்களின் இலவசச் சேவையைப் பணமாக்கிச் சேர்க்க முடியாது என்று அரசே விளக்கம் கொடுத்திருக்கிறது. அமெரிக்காவிலும் தன் நேரத்தின் மதிப்பைக் காட்டித் தனிநபர் வரிக்கழிவு கேட்க முடியாது.

எதை எடுப்பது?

நூறு பேருக்குக் குறைவாக இருந்தால், ஒரே ஒரு தொண்டு நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்து, மூன்று வருஷம் அவர்களோடு இருங்கள். வருஷத்துக்கு ஒரு திறன் வேலை, கூடவே கைக்கு அடக்கமான ஒரு தொகை. ஒரு நாள் சேவை வேண்டாம். தனிநபர் லீவுக்கு விதி எழுதவும் வேண்டாம், கேட்டால் கொடுத்துவிடுங்கள்.

ஐந்நூறு, ஆயிரம் பேர் என்றால் திறன் சேவையும் சேவை விடுப்பும் சேர்ந்த கலவை பொருந்தும். இதற்கென்று ஒரு முழுநேர ஆள் வேண்டும். ஹெச்ஆரில் ஏற்கெனவே மூச்சு முட்டுபவரிடம் கூடுதல் பொறுப்பாகக் கொடுத்தால், அவர் மறுபடி டிஷர்ட்டுக்குத்தான் போவார், அவரைக் குறைசொல்ல முடியாது. தொழிற்சாலை என்றால் ஷிப்ட் கணக்கை முதலில் போட்டுவிட்டு அப்புறம் திட்டத்துக்கு வாருங்கள். பல ஆயிரம் பேர் இருக்கும் கம்பெனிகள் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் செய்ய முடியும். அவர்கள் விழும் பள்ளம், எல்லாக் கிளைகளும் ஒரே நாளில் ஒரே காரியம் செய்ய வேண்டும் என்ற தலைமையகத்து ஆசை.

மேலிடம் ஒரு பெரிய நாளைக் கேட்டே தீரும் என்றால், கடற்கரைத் தூய்மை மாதிரி நிறையக் கைகள் வேண்டிய வேலையாகப் பார்த்து எடுங்கள். அறுபது பேரை மூன்று நாளாகப் பிரியுங்கள். ரோலர் எத்தனை இருக்கிறது என்று முன்னாலேயே கேளுங்கள்.

அறிக்கையில் மொத்த சேவை மணி நேரத்தைத் தலைப்பாகப் போடுவதை நிறுத்துவது கஷ்டம், எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். அதற்குப் பக்கத்தில் இன்னொரு வரியைச் சேர்க்கலாம்: போன வருஷம் நாம் போன இடங்களில் எத்தனை பேர் இந்த வருஷம் நம்மைத் திரும்பக் கூப்பிட்டார்கள்? இந்த எண்ணை வளைப்பது கொஞ்சம் கடினம். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. பணம் கொடுக்கும் கம்பெனியை வேண்டாம் என்று சொல்லும் தைரியம் எந்தச் சின்ன நிறுவனத்துக்கும் வராது. அதனால் பணத்தை முதலில், நிபந்தனை இல்லாமல் கொடுத்துவிடுங்கள். ஆட்கள் வரலாமா, எத்தனை பேர், எந்த மாதம் என்பதை அதற்குப் பிறகு, தனியாக ஒரு நாள் போய்க் கேளுங்கள். "ஆட்கள் வேண்டாம் சார், அந்த எக்செல்லைப் பார்க்கிற ஒருத்தரை மட்டும் அனுப்புங்க" என்று அவர்கள் சொல்லலாம். அந்த ஒருவரை அனுப்புங்கள்.